ஒத்த பெல்லு

வண்டி வந்த முதல் நாளே விழுந்தேன். ஓடும்போது விழுந்திருந்தாலாவது ஒரு கெத்து இருந்திருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது விழுந்தேன்.

கோலாரில் ஷோரூம்காரர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். என் மனைவி பெட்ரோல் டேங்க் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினாள். இரண்டு பக்கத்து ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அவள் பஸ்ஸில் வந்தாள். முதல் நாளே பின்னால் உட்கார அவளுக்கு என்ன பைத்தியமா? வழி முழுக்க ஒரு குறையும் இல்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊருக்குள் நுழைந்ததும், சாம்பியன் ரீப்ஸ் திருப்பத்தில் ஒரு மாடு நடு ரோட்டில் நின்று என்னைப் பார்த்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அழகாக நின்றது. இடது காலைக் கீழே விட்டேன். கால் போய்க்கொண்டே இருக்கிறது, தரை வரவே இல்லை! ஐயோ என்று வாயைத் திறப்பதற்குள் டீக்கடை வாசலில் நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மாடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

டீக்கடைக்காரர் கன்னடக்காரர். ஓடி வந்து, "பித்ரா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார். விழுந்து கிடக்கிறவனைப் பார்த்து விழுந்தீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது? "இல்ல, படுத்துக்கினு இருக்கேன்" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே. பாவம், அந்த மனிதர்தான் வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

அது எண்டூரோ என்கிற வகை பைக். காடு, மேடு, கல், சகதி என்று ரோடே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. சீட் என் இடுப்புக்கு மேலே. எனக்கு வயது நாற்பத்தொன்பது, உயரம் ஐந்தடி நாலு அங்குலம். "ஸ்பிரிங்கை மாத்தி சீட்டை எறக்கிடுங்க, டயர்ல காத்தக் கொறைங்க, அப்பறம் ஓட்டுங்க" என்று ஃபேக்டரி கேன்டீனில் ஆளாளுக்குச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே, ஸ்டாக்காக, ஒரு ஸ்க்ரூகூட மாற்றாமல்தான் ஓட்டுவேன். ஃபேக்டரியில் நான் பார்க்கும் வேலையே அதுதான்: மண் அள்ளும் ராட்சத இயந்திரங்களின் பாகங்களை டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று எழுதுவது. காகிதத்தில் இருப்பதுதான் சரி. இருபத்தாறு வருஷமாக அதை நம்பித்தான் சாப்பிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். மகள் ஒருத்திதான் அவருக்கு. எங்களுக்குக் கல்யாணமான வருஷமே அத்தை போய்விட்டார், அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கோணிப் போனது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா மாப்ள இது, வெட்டுக்கிளி மாதிரி கீது?"

"ஆஃப் ரோடு வண்டி மாமா."

"ரோட்ட உட்டுட்டு இன்னாத்துக்குப் போவணும்?"

நான் டீக்கடை வாசலில் விழுந்த கீறலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார். பின்பக்கம் நாலு விரல் இறங்கி மறுபடி மேலே வந்தது. திரும்பவும் அமுக்கினார்.

"ஆள் ஏறினா எறங்குது, பாத்தீங்களா?"

"சஸ்பென்ஷன் மாமா. அப்டித்தான் இருக்கும்."

"எஞ்சின் ஓடாமயே எறங்குது."

"ஆமா மாமா, ஓடாமயேதான் எறங்கும்" என்றேன், குரலில் எரிச்சலோடு. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்த சீட்டையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒத்த பெல்லு. என் மனைவி பள்ளிக்கூடத்தில் "ஒத்த பெல்லு பொண்ணு" என்ற பேரோடு வளர்ந்தவள். சர்ச்சில், ரேஷன் கடையில், ஸ்டேஷனில், எங்கே போனாலும் முதுகுக்குப் பின்னால் அந்தப் பேர் வரும். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் பேருக்கு மட்டும் ரிட்டயர்மெண்ட் இல்லை.

பேர் வந்த கதை இது. ஷாஃப்ட் என்கிற ஆழமான சுரங்கக் குழிக்குள் ஆட்களையும், தாதுக்கல் நிரப்பிய தள்ளுவண்டிகளையும் ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டுக்குப் பேர் கேஜ். அதை இயக்கும் எஞ்சின் டிரைவர் மேலே, தரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு மைலுக்கும் கீழே நடப்பது அவருக்குத் தெரியாது. கண்ணுக்கு எதிரே கயிறு சுற்றுகிற பெரிய டிரம், காதில் கீழேயிருந்து அடிக்கும் பெல், அவ்வளவுதான். மூன்று பெல் என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். இரண்டு என்றால் கீழே இறக்கு. ஒன்றுக்கு மட்டும் இரண்டு அர்த்தம். கேஜ் ஓடிக்கொண்டிருந்தால், நில். நின்றுகொண்டிருந்தால், மேலே ஏற்று.

என் அப்பா எஞ்சின் டிரைவர். "ஓடுறதுக்கு ஒண்ணுன்னா நில்லு, நிக்கிறதுக்கு ஒண்ணுன்னா ஏத்து" என்பது எங்கள் வீட்டில் 'அம்மா இங்கே வா வா' பாட்டு மாதிரி. என் மாமனார் அதே ஷாஃப்ட்டில் கீழே, பெல் அடிக்கிறவர். ஒரு நாள் கல் நிரப்பிய தள்ளுவண்டியைக் கேஜுக்குள் தள்ளும்போது, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கை பெல் கயிற்றில். ஒரு பெல் அடித்தார். கேஜ் மேலே போனது. கால் நடுவில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது ஆண்டவர் கிருபை.

"கேஜ் எறங்கிக்கினு இருந்துச்சு, நிறுத்தத்தான் ஒண்ணு அடிச்சேன்" என்று அவர் சொன்னார். டிரம் அசையவே இல்லை என்று அந்த ஷிஃப்ட்டில் இருந்த டிரைவர் சொன்னார். விசாரணையில் என் அப்பாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, நின்ற கேஜுக்கு ஒரு பெல் அடித்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். ஏத்து என்று அர்த்தம் என்றார் அப்பா. டிரம் நின்றிருந்தது, ஆகவே கேஜ் நின்றிருந்தது, ஆகவே தப்பு பெல் அடித்தவர் மேல் என்று எழுதி முடித்துவிட்டார்கள். காலும் போய், பேரும் போயிற்று. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, நானும் அதைத்தான் நம்பினேன்.

அவர் வீட்டில்தான் எனக்குப் பெண் பார்த்திருப்பதாக அப்பா வந்து சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒத்த பெல்லு வீட்லயா? ஊர்ல வேற பொண்ணே இல்லியா?" என்று குதித்தேன். அப்பா அதிகம் பேச மாட்டார். "அந்த வீட்லதான்" என்றார், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஒரு சண்டையில் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "ஒத்த பெல்லு புத்தி எங்க போவும்" என்று அவளைச் சொல்லிவிட்டேன். மாமனார் பக்கத்து அறையில் இருந்தார். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் மறுநாள் காலையில் வழக்கம்போல "டீ குடிச்சீங்களா மாப்ள" என்று கேட்டார். அதற்கு அவர் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டு பூதிகோட்டைப் பக்கம் போனேன். கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே மாட்டுவண்டித் தடம், அங்கங்கே பாறை. லேசாகத்தான் முறுக்கினேன். சத்தியமாக லேசாகத்தான்! முன்சக்கரம் தரையை விட்டு எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தது. "ஏசுவே!" என்று கத்திக்கொண்டே முறுக்கை விட்டேன். தொப்பென்று கீழே இறங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, வாயெல்லாம் காய்ந்துவிட்டது, ஆனால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பஸ், ஸ்கூட்டர், ஃபேக்டரி வண்டி என்று இத்தனை வருஷம் உட்கார்ந்து போனதெல்லாம் ஒரு போக்கா என்று தோன்றியது. கல்லின் மேல் ஏறினால் கை உணர்கிறது, பள்ளத்தில் இறங்கினால் முழங்கால் உணர்கிறது. மூன்று மணி நேரம் கழித்து, தலையிலிருந்து கால் வரை செம்மண்ணோடு வீட்டுக்கு வந்து நின்றேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "இது இன்னா கோலம்? பிள்ளைங்க காலேஜ் போற வயசுல ஒங்களுக்குப் புழுதி வெளையாட்டா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "பின்னால ஒக்காந்தா பயமா இருக்குமா?" என்று கேட்டாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மட்டன் சாப்பாடு முடிந்து, சுடிதாரும் என் பழைய ஃபேக்டரி பூட்ஸும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாமனார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"வண்டி சத்தத்துல நீ கத்தறது எனக்குக் கேக்காது" என்றேன். "ஹெல்மெட் வேற."

"ஹெல்மெட் போடலன்னா மட்டும் ஒங்களுக்குக் கேக்குதா?"

"தோள்ல தட்டு. மூணு தட்டினா ஏறிட்டேன், கெளம்புன்னு அர்த்தம். ரெண்டு தட்டினா மெதுவா போ. ஒண்ணு..."

"ஒண்ணுன்னா இன்னான்னு எங்க வீட்டுக்கு நீங்க சொல்லித் தரணுமா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ரெண்டு பேரும் சுரங்கத்து ஆள் பிள்ளைகள்.

மூன்று தட்டு விழுந்தது. கிளம்பினோம்.

நேராகச் சயனைடு மேட்டுக்குப் போனேன். சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சிய, அரைத்த கல் மாவை நூறு வருஷமாகக் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன இடம் அது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் நிஜ மலை என்றே நினைப்பார்கள். மழை அரித்து அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். மேலே அப்பளம் மாதிரி ஒரு ஓடு, அதற்குக் கீழே வெறும் மாவு. சின்ன வயதில் தகரத்தை வைத்துச் சறுக்கி விளையாடிய மேடுதானே என்று எனக்கு ஒரு நினைப்பு. அங்கே ஏறக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அந்த போர்டைத் தாண்டித்தான் போகிறார்கள், நானும் போனேன்.

முதல் ஏற்றம் ஏறிவிட்டோம். இரண்டு தட்டு விழுந்தது, மெதுவாகப் போனேன். அடுத்த ஏற்றம் இன்னும் செங்குத்து. பாதியில் குறுக்கே ஒரு அரிப்புப் பள்ளம். எந்தப் பக்கமாகப் போகலாம் என்று பார்ப்பதற்காக நிறுத்தினேன். கையில் முன் பிரேக், வலது காலில் பின் பிரேக், இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். இடது பூட்ஸின் நுனி மட்டும் மேட்டுப் பக்கம் ஊன்றியிருக்கிறது. எஞ்சின் டுப்டுப்பென்று ஓடுகிறது. சக்கரம் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. என் கண் முழுக்க மேலே, அந்தப் பள்ளத்தின் விளிம்பில்.

தோளில் ஒரு தட்டு விழுந்தது.

அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம்! அட, இவளுக்குத் தைரியம் வந்துவிட்டதே, மேலே ஏத்து என்கிறாளே என்று தோன்றியது. யோசிக்கவே இல்லை. நிக்கிறதுக்கு ஒண்ணுன்னா ஏத்து. பிரேக்கை விட்டேன், கிளட்சை விட்டேன், முறுக்கினேன்.

வண்டி சீறிக்கொண்டு எழுந்தது. பின்னால் கனம் சட்டென்று காணாமல் போனது. முன்சக்கரம் வானத்தைப் பார்க்க, நான் எப்படியோ பள்ளத்தின் விளிம்பில் போய்ச் சாய்ந்து விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. ஐயோ, ஆள் எங்கே? கீழே வெகு தூரத்தில், மழை அறுத்த பள்ளத்தின் வாயில், சாம்பல் மண்ணில் முகம் புதைந்து குப்புறக் கிடந்தாள். ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிகிறது. அசையவில்லை.

வண்டியை அப்படியே போட்டேன். கத்துகிறேன், குரல் வரவில்லை. அந்த ஓட்டில் கால் வைத்தால் உடைகிறது, உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன், பாவி, புது வண்டிக்கு ஆசைப்பட்டு இவளைக் கொன்றுவிட்டேன் என்று அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு எப்படி ஃபோன் பண்ணுவது என்றுகூட யோசித்துவிட்டேன். கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். எழுந்து உட்கார்ந்தாள்! ஹெல்மெட்டைக் கழற்றினாள். புருவம், மூக்கு, உதடு எல்லாம் சாம்பல் மண். துப்பினாள். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு தட்டினேன் இல்ல?"

"தட்டின. அதான் ஏத்தினேன்."

"நிறுத்தச் சொல்லித் தட்டினா ஏத்துவீங்களா?"

"நின்னுக்கினு இருந்த வண்டிய எப்டி நிறுத்தறது? நிக்கிறதுக்கு ஒண்ணுன்னா ஏத்துதானே?" நானும் கத்தினேன். பயம் தெளிந்த ஆத்திரம்.

"எங்க நின்னுச்சு? எறங்கிக்கினு இருந்துச்சுங்க! நான் கீழ பாத்துக்கினு இருந்தேன். மொத்தமா எறங்கிக்கினே போச்சு. நிறுத்தத்தான் ஒண்ணு..."

அங்கே நிறுத்திவிட்டாள். அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டுவிட்டது. எனக்கும் கேட்டது.

நான் எழுந்து மேலே ஏறினேன். "இருக்கவே முடியாது" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினேன். பிரேக்கைப் பிடித்தவன் நான், சக்கரம் நின்றதை என் உடம்பே உணர்ந்தது. வண்டி நின்ற இடத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். உற்றுப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. பின்சக்கரம் சுழன்று தோண்டியதில் அதன் தடம் அழிந்திருந்தது. முன்சக்கரத்தின் தடம் அப்படியே இருந்தது. டயரின் கட்டை கட்டையான பூ மண்ணில் அச்சாகி ஒழுங்காக மேலே ஏறிப் போகிறது. நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே, ஒரு கை நீளத்துக்கு, பூ இல்லை. கரண்டியால் மாவை வழித்த மாதிரி வழவழவென்று ஒரு கோடு. சக்கரம் உருளவில்லை. உருளாமலே, தான் ஏறி வந்த தடத்தின் மேலேயே சறுக்கிக் கீழே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கோடு. அது என் இடது பூட்ஸ் நுனி! என் காலே என்னோடு சேர்ந்து சறுக்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை!

சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை.

அடுத்த நொடி எனக்கு ஞாபகம் வந்தது என் அப்பாவின் குரல். ஷாஃப்ட்டில் கயிறு மாற்றுகிற வாரமெல்லாம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் அலுத்துக்கொள்வார்: "புதுக் கயிறு, இழுத்துக் குடுக்கும். மேல டிரம் நிக்கும், கனம் ஏறினா கீழ கேஜ் எறங்கும். ஒரு வாரம் உயிர வாங்கும்." எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ரசம் ஊற்றும் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டிருக்கிறேன். ஒரு மைல் நீளக் கயிற்றின் நுனியில் தொங்குகிற கேஜுக்குள் கல் நிரப்பிய வண்டியைத் தள்ளினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள என்னைப் போல ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டுமா? சின்னப் பையன் போதும். எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் அவரை ஒத்த பெல்லு என்றேன்.

அப்பாவுக்கும் தெரியும். தெரியாமல் இருக்கவே முடியாது.

வண்டியை எப்படி இறக்கினேன், எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. மனைவி ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் எங்கேயும் தட்டவில்லை. க்ளினிக்கில் மணிக்கட்டைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவள், "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வெயில் இறங்கவில்லை இன்னும். மாமனார் அதே நாற்காலியில் கைப்பேசியில் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கட்டையும் எங்கள் சாம்பல் மூஞ்சியையும் பார்த்து எழுந்திருக்கப் போனார்.

"ஒண்ணுமில்லப்பா, சுளுக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். உள்ளே போகவில்லை.

"எப்டிம்மா உழுந்த?"

"நான் ஒண்ணுதான்பா தட்டினேன்" என்றாள்.

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவரிடம் மற்றவர்கள் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்டார்.

"வண்டி ஓடிக்கினு இருந்துச்சா, நின்னுக்கினு இருந்துச்சா?"

நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சக்கரம் நின்னுச்சு மாமா" என்றேன். "வண்டி நிக்கல."

அவர் கோணிப் போன அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "டிரம் நின்னுச்சு, கேஜ் நிக்கல. ஒங்க அப்பாரும் இப்டித்தான் சொன்னாரு" என்றார்.

"யாரு?"

"ஒங்க அப்பாரு. ஒங்களுக்குப் பொண்ணு கேட்டு வந்தாரே, அன்னிக்கி. இவ அம்மா காப்பி போட உள்ள போனா. என் கையப் புடிச்சிக்கினாரு. 'விசாரணைல நின்ன கேஜுக்கு ஒரு பெல்லுன்னா இன்னான்னு என்னக் கேட்டாங்க, சொன்னேன். புதுக் கயிறு இழுக்குமான்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லியிருந்தா அந்த டிரைவரு வேல போயிருக்கும்'னாரு. அழுதாரு மாப்ள."

என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. கதவுப் பக்கம் திரும்பினேன். அவளும் இதை இப்போதுதான் கேட்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா மேலா, இவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

"இருபத்தி மூணு வருஷமா ஒரே வீட்ல இருக்கோமே மாமா! நான் வாய்க்கு வந்தபடி பேசினப்பகூட பக்கத்து ரூம்ல இருந்தீங்களே! எங்கிட்ட ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

அவர் என்னைக் கோபத்தோடு பார்த்திருந்தால் தேவலாம். காலையில் டீ குடித்தீர்களா என்று கேட்பாரே, அதே குரலில்தான் சொன்னார்.

"நீங்களும் கேக்கல மாப்ள."